தடுப்புக் கட்டையும் செவலைக் குதிரையும்

ஒரு தகர டின் நிறையச் சிமெண்டை ஊற்றி இறுகவைத்து, அதை ஒரு நீண்ட மரக்கட்டையின் அடிமுனையில் சங்கிலியால் தொங்கவிட்டிருந்தார்கள். மறுமுனையைப் பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றினால் போதும். டின்னின் பாரம் கீழே இழுக்க, சங்கிலி கலகலக்க, கட்டை விருட்டென்று வானத்தை நோக்கி எழும். கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி அடித்தபின், அதன் ஒரே வாசலுக்கு அமைந்த தடுப்பு அது. கொக்கியைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. எனக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. தோட்டக் காவலனாகச் சேர்ந்து காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் பெற்றிருந்தேன். அந்தக் கட்டை முதன்முதலாக எழுந்த காலையில், என் அக்காளின் கணவர் ஓட்டிவந்த குதிரை வண்டி அதன் முன்னால் நின்றிருந்தது. கொக்கியைக் கழற்றினேன். கட்டை எழுந்தது. மறுகணம் அந்த இடத்தில் வண்டி இல்லை.

அவரை நான் மச்சான் என்று அழைத்தேன். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். புக்கிட் பெலிம்பிங்கிற்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்திற்கு அவர் குதிரையோடுதான் வந்து சேர்ந்தார். அதற்குமுன் கோலாலம்பூரில் பந்தயக் குதிரைகளின் லாயத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஓடிய ஒரு செவலைப் பெட்டை, முன்னங்கால் நரம்பு வீங்கிப் பந்தயத்திற்கு உதவாமல் போனபோது, எங்கள் தோட்டத்துத் துரை காலைச் சவாரிக்காக அதை வாங்கினார். குதிரையோடு குதிரைக்காரரும் வந்தார். வந்தவர் என் அக்காளை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்.

பிறகு ஈஜோக் பக்கத்துக் காடுகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அண்டைத் தோட்டத்துத் துரை ஒருவரைக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் சாலையில் மறித்துச் சுட்டார்கள் என்ற செய்தி வந்த வாரமே, எங்கள் துரை குதிரையை விட்டு இரும்புத் தகடு அடித்த காருக்கு மாறினார். இனிக் குதிரைக்கு வேலையில்லை, சுட்டுப் புதைத்துவிடுங்கள் என்று கட்டளையும் பிறந்தது. மச்சான் பங்களா வாசலில் போய் நின்றார். காலையில் நின்றவர், துரை மதியச் சாப்பாட்டிற்கு வரும்வரை அசையவில்லை. ‘எனக்குக் கொடுங்கள்’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லையாம். கையொப்பமிட்ட ஒரு தாளோடு திரும்பினார். செவலை அவருடைய சொந்தக் குதிரையாயிற்று.

முதுகில் ஆளைச் சுமந்து பழகிய குதிரைக்கு, தன் பின்னால் ஒன்று உருண்டு வருவது பேரச்சம். மச்சான் முதலில் ஒரு பழைய லோரி டயரைக் கயிற்றில் கட்டி அதை இழுக்கவைத்தார். பிறகு ரப்பர்க் கட்டை. பிறகு சக்கரம் மட்டும். மூன்று மாதம் கழித்தே வண்டியைப் பூட்டினார். அதன்பின் நாள்தோறும் காலையில் கோல சிலாங்கூர் பட்டணத்திற்குப் போய், தோட்டத்துக் கடைக்கு மீனும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு உச்சிவேளைக்குமுன் திரும்புவார். திரும்பியதும் தாம் தண்ணீர் குடிக்கமாட்டார். செவலையின் வியர்வையைக் காய்ந்த லாலான் புல்லைத் திரித்துத் தேய்த்து எடுப்பார். ரப்பர் மரத்தில் பால்வெட்டித் தேய்ந்துபோன கத்தி ஒன்றை மழுக்கி வைத்திருந்தார். அதனால் நான்கு குளம்புகளிலும் அடைந்த சேற்றை நோண்டி எடுத்து, ஒவ்வொரு குளம்பையும் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். எங்கள் கடலோர மண்ணின் ஈரத்தில் குளம்பு அழுகிவிடும். அழுகல் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. அக்காள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

“என் காலு ரெண்டு மாசமா வெடிச்சுக் கெடக்கு. ஒருநாள் தூக்கிப் பாத்திருக்கியாயா நீ?”

“ஒனக்கு லாடம் அடிக்கணும்னா சொல்லு, அடிச்சுடலாம்.”

இத்தகைய மனிதரின் குதிரைதான் அன்று வாசலைத் தாண்டிப் பறந்தது. அரை மைல் தூரம் ஓடிய பிறகே நின்றது. கூடைகள் வழியெங்கும் சிதறிக் கிடந்தன. தடுப்பைத் தாண்டி ஓடுகிறவரைச் சுடலாம் என்பது அன்றைய சட்டம். வாசலுக்குப் பொறுப்பாயிருந்த மலாய்க் கோப்ரல் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திவிட்டு, மெல்லத் தாழ்த்தினார்.

லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. கட்டையை நடுவதற்காக வாசலோரத்து மரமொன்றை வெட்டியிருந்தார்கள்; அதன் அடியில் முனியாண்டியின் கல் இருந்தது. முனி குதிரையை விரட்டுகிறார் என்று பெண்கள் எலுமிச்சம்பழ மாலை கட்டி வந்து செவலையின் கழுத்தில் போட்டார்கள். மச்சான் மறுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, மாலையோடும், கண்களை மூடிக் கட்டிய சாக்கோடும், தாமே கீழிறங்கித் தலைக்கயிற்றைப் பிடித்தபடி அதை வாசலுக்கு நடத்தி வந்தார். சங்கிலி கலகலத்ததுதான் தாமதம். செவலை அவரையும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய்ந்தது. ஏர்க்கால் ஒடிந்தது. எதிரே போலீஸ் அதிகாரி ஒருவரின் ஜீப் வந்துகொண்டிருந்தது; அது வாய்க்காலில் இறங்கி நின்றது.

அந்த வெள்ளைக்கார அதிகாரி சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்து, கோப்ரலிடம் சுருக்கமாகச் சொன்னார்: பத்து நாளில் மறுபடி வருவேன், என் கண்முன் இந்தக் குதிரை இந்த வாசலைக் கடக்க வேண்டும், ஓடினால் அங்கேயே சுட வேண்டும். சுட வேண்டியவன் கட்டையருகில் நிற்பவன். அதாவது நான்.

மச்சான் முழங்கை சிராய்ப்பில் மண்ணெண்ணெய் தடவியபடி, கட்டையையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, பயந்த குதிரை எந்தப் பக்கம் போகும்?”

“பின்னால போகும்.”

“இவ முன்னாலதான போறா? காதும் முன்னாலதான் நிக்குது. பின்னங்கால மடக்கி உக்காந்து எழும்புறா. இது பயம் இல்லடா.” கட்டையைக் கையால் காட்டினார். “பந்தயத்துல குதிரைங்கள வரிசையா நிறுத்தி, முன்னால கயிறு கட்டியிருப்பாங்க. அந்தக் கயிறு படக்குன்னு மேல போகும். போனா ஓடணும். நான் லாயத்துலயே கெடந்தவன், அந்தப் பக்கமே போனதில்ல. அதான் புத்திக்கு எட்டல. இவ ஒரு தப்பும் பண்ணலடா. சொல்லிக் குடுத்தத ஒழுங்கா செய்யுறா.”

முரட்டுத்தனம் என்றும் முனி என்றும் நாங்கள் எண்ணியது, ஓர் உயிர் தன் கடமையை மறவாமல் இருந்ததேயன்றி வேறில்லை. அதை அறிந்தபின் வேலை எளிதாகவில்லை, கடினமாயிற்று. அச்சத்தைத் தடவிக் கொடுத்து ஆற்றலாம். கற்ற பாடத்தை எங்ஙனம் அழிப்பது? அதுவும் பத்தே நாளில்!

ரப்பர்ப் பாலை எடைபோட்டு முடிந்து லோரிகளின் நடமாட்டம் ஓய்ந்த பிற்பகல் வேளையைக் கோப்ரல் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். வண்டியில்லாமல், தலைக்கயிறு மட்டும் போட்டு, மச்சான் செவலையைக் கட்டைமுன் நிறுத்தினார். சட்டைப்பையில் ஊறவைத்த கொள்ளு. சங்கிலிக்குச் சாக்கைச் சுற்றி ஓசையை அடக்கியிருந்தார். நான் கட்டையை ஒரு சாண் மட்டும் எழவிடுவேன். செவலையின் உடல் முழுதும் முறுக்கேறும். நான் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் மச்சான் ஒரு சொல்லும் பேசமாட்டார். கடைசியில் அதன் கழுத்து ஒரு விரற்கடை தாழும். அந்தக் கணமே ஒரு பிடி கொள்ளு. கட்டையை இறக்குவேன். மீண்டும் ஒரு சாண். முதல் நாள் என் கைகள் இரவுச் சோற்றைப் பிசைய மறுத்தன.

பால்வெட்டும் பெண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னா குதிரைக்கார அண்ணே, ஒங்க பொண்ணுக்கு மாலை மாத்தப் போறாங்களா? தெனமும் வாசல்ல கொண்டாந்து நிறுத்துறீங்க!”

“மாப்பிள்ள சிமெண்டு டின்னுதான் புள்ள. நல்ல கனமான எடம்” என்பார் மச்சான்.

கோப்ரல் தம் பங்குக்கு, மலாயும் தமிழும் கலந்து சொல்வார்: “அண்ணே, எனக்குக் கூட இப்ப கட்டை தூக்கினா கொள்ளு தின்ன ஆசை வருது லா.”

ஐந்தாம் நாள் கட்டை முழு உயரம் எழுந்தும் செவலை நின்றது. நாங்கள் சிரித்தோம். ஆறாம் நாள் மச்சான் சங்கிலியின் சாக்கை அவிழ்த்தார். கொக்கியைக் கழற்றினேன். பழைய ஓசை எழுந்தது. ஐந்து நாள் உழைப்பும் ஒரே பாய்ச்சலில் போயிற்று. கயிறு ஓடிய வேகத்தில் அவருடைய இரு உள்ளங்கைகளும் தோலுரிந்துவிட்டன. அக்காள் ஓடிவந்து, அந்தக் கைகளைப் பார்த்து, அழவில்லை, வைதாள்.

“போதும்யா! இன்னும் நாலு நாள்ல அது என்னாத்தக் கத்துக்கப் போவுது?”

அவர் அவளுடைய பழஞ்சேலைத் துணியைக் கேட்டு வாங்கிக் கைகளில் சுற்றிக்கொண்டார். செவலையைப் பிடித்துவந்து அதே இடத்தில் நிறுத்தினார். “சாக்கு வேணாம். ஒரு சாண்லேருந்து தூக்கு, மாப்ளே” என்றார். முதல் நாளிலிருந்து தொடங்கினோம். அவர் குரலில் சலிப்பும் இல்லை, வீறாப்பும் இல்லை. ஒரு பானை கவிழ்ந்தால் மறு பானைத் தண்ணீருக்குப் போகிறவரின் குரல் அது. துணிவு என்ற சொல்லை எங்கேனும் படிக்கும்போது, போர்க்களம் எதுவும் என் நினைவிற்கு வருவதில்லை. அந்தச் சேலைத் துணி சுற்றிய கைகளே வருகின்றன.

எட்டாம் நாள் சங்கிலி ஓசையோடு நின்றது. ஒன்பதாம் நாள் வண்டியைப் பூட்டியும் நின்றது; ஆயினும் இரண்டு தடவை முன்னங்காலைத் தூக்கிவிட்டு வைத்தது. அன்று பயிற்சி முடிந்ததும், பல நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

“மச்சான், நாளைக்கு ஓடிட்டா… நான்தான் சுடணும்.”

அவர் என்மேல் சினம் கொள்ளவில்லை. என் சுட்டுவிரலைப் பிடித்து, செவலையின் நெற்றியில் வைத்தார். இடக்காதிலிருந்து வலக்கண்ணுக்கும், வலக்காதிலிருந்து இடக்கண்ணுக்கும் கோடு இழுத்து, இரண்டும் வெட்டுகிற இடத்தில் நிறுத்தினார்.

“இங்க. கால்லயோ வயித்துலயோ சுட்டு வைக்காத. ஓடுறப்ப முடியாது, முன்னால போயி நின்னு சுடு. ஒரே குண்டு.” விரலை விட்டார். “அதுக்கு அவசியம் வராது. தெரிஞ்சு வச்சுக்க.”

அந்த நெற்றியின் சூடு நெடுநேரம் என் விரலில் இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். துப்பாக்கியில் குண்டு போடச் சொன்னார், போட்டேன். கட்டையை வேறொருவரிடம் தராமல் என்னையே கழற்றச் சொன்னார். மச்சான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, யாவரும் காணும்படி, கடிவாள வாரைத் தம் மடியில் தளர்த்திப் போட்டுக்கொண்டார். இழுத்துப் பிடித்து நிறுத்தினான் என்று யாரும் சொல்லக்கூடாதல்லவா! வேலிக்கு அப்பால் லயமே கூடியிருந்தது.

கொக்கியைக் கழற்றினேன். கட்டை எழுந்தது. செவலையின் தோளில் தொடங்கிய நடுக்கம், காற்றில் லாலான் சாய்வதுபோல, தொடைவரை ஓடிற்று. பின்னங்கால்கள் மடங்கின. நான் அதன் நெற்றியில் அந்த ஓரிடத்தை மட்டுமே பார்த்தேன். மச்சான் மடியிலிருந்த வாரைத் தொடவில்லை. பின்னங்கால்கள் நிமிர்ந்தன. கழுத்துத் தாழ்ந்தது.

“மறுபடி” என்றார் அதிகாரி. மறுபடி நின்றது. மூன்றாம் முறை, கட்டை எழுகிற நேரத்தில் அவரே தம் கைத்தடியால் டின்னில் ஓங்கித் தட்டினார். செவலை கண்ணை மூடித் திறந்தது, அசையவில்லை.

“ஜாலான்” என்று மலாயில் சொல்லி, போகும்படி கையசைத்தார். அதற்கும் அசையவில்லை. மச்சான் நாவை மடக்கி ‘டக்’கென்று ஒலி எழுப்பிய பிறகே, திருமணப் பெண்ணைப்போல நிதானமாக நடந்து வாசலைக் கடந்தது. கோப்ரல் என் துப்பாக்கியைத் தாமே வாங்கிக் குண்டை எடுத்தார்.

அதன்பின் அவசரகாலம் எங்கள் வட்டாரத்தை விட்டு நீங்கும்வரை, ஆண்டுக்கணக்காக, ஒரு நாளும் செவலை தவறவில்லை. சுங்கை புரோங் வயல்களின் நடுவே நேராக ஓடும் சாலையில் ஒருமுறை அவரோடு போனேன். ‘ஒரு தடவை ஓட விடுங்களேன், மச்சான்’ என்று கெஞ்சினேன். ‘இன்னிக்கு ஓடுனா நாளைக்கு வாசல்ல சாவா’ என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பு அவருக்கு எவ்வளவு கசந்தது என்பதை, வாரை இறுகப் பற்றியிருந்த கையில் கண்டேன்.

பிறகு முள்வேலியைச் சுருட்டி எடுத்தார்கள். கட்டையும் சங்கிலியும் போயின; இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. இன்று அந்த இடம் முழுதும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். கம்பம் நின்ற இடத்தை நான் சொன்னாலும் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் வேலி நீங்கிய அந்த முதல் வாரங்களில் எங்களுக்கு அது இன்னும் வாசலாகவே இருந்தது. சோதனை போட யாருமில்லாத இடத்தில் ஆண்கள் நின்று கைகளை அரைவாசி தூக்கிவிட்டு, வெட்கிச் சிரித்து நடந்தார்கள். மச்சான் செவலையை அங்கே கொண்டுவந்து, சேணம் கடிவாளம் அனைத்தையும் கழற்றி, கழுத்தில் தட்டி, “போ” என்றார். அது இரு கம்பங்களுக்கு முன்னால் நின்று, அவர் நாவின் ஒலிக்காகக் காத்திருந்தது.

“நின்னுட்டுப் போவட்டும் மச்சான். வயசாயிருச்சு” என்றேன்.

“நிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான்தானடா” என்றார். வீட்டுக்குப் போய்ச் சட்டைப்பை நிறையக் கொள்ளோடு திரும்பி வந்தார்.

இம்முறை நாள் குறித்தவர் யாருமில்லை. அவர் கம்பங்களுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொள்வார். அழைக்கமாட்டார், நாவொலியும் எழுப்பமாட்டார். அது தானாக ஓரடி வைத்தால் ஒரு பிடி. எத்தனை பிற்பகல் என்று நான் எண்ணவில்லை. ஒருநாள், தலையைத் தூக்கி மேலே வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு, செவலை நடந்தது. கம்பங்களைக் கடந்தது. கொள்ளு வைத்திருந்தவரையும் கடந்தது. தளர்நடை துள்ளுநடையாயிற்று, வீங்கிய காலை இழுத்தபடியே வளைவில் திரும்பி மறைந்தது.

நான் பதறிப்போனேன். “மச்சான், புடிக்க வேணாமா?”

அவர் கையிலிருந்த கொள்ளை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னார்:

“எதுக்கு? தீனி நேரத்துக்கு வருவா.”