ரத்தப்பொட்டு முட்டை

போலந்தில் தார்னூவ் ஊர்ச் சந்தையில் வாத்து விற்ற யூதரின் மகள் பேஸ்யா. வாய் என்றால் அப்படியொரு வாய். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. ஜெர்மன்காரர்கள் அவள் கணவனை ரயிலேற்றிக் கொண்டுபோன வாரம், ஐந்து வயது மகள் கீத்தலுடன் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவின் வேலி ஓட்டை வழியே வெளியேறினாள். அந்த வாயை நம்பித்தான்.

இப்போது கிறிஸ்தவ வேஷத்தில் அவள் பெயர் யானினா, மகள் ஹான்யா. ஒரு போலந்துக்காரியின் பண்ணை வீட்டில் சமையல் வேலை. சிலுவை போடவும் ஜெபம் சொல்லவும் மகளை அடித்து அடித்துப் பழக்கியிருந்தாள். கடைசியில் காட்டிக்கொடுக்கப் பார்த்தது அவளுடைய கைதான்.

நம் யூத வீடுகளில் முட்டையை நேராகச் சட்டியில் உடைக்க மாட்டோம்; ரத்தம் நமக்கு விலக்கு. கிளாஸில் உடைத்துப் பார்த்து, ரத்தப்பொட்டு இருந்தால் எறிந்துவிடுவோம். பழகிய கை அன்று காலையும் அதையே செய்தது. பின்னால் எஜமானியின் தம்பி ஃபெலெக் உட்கார்ந்திருந்தான். ஒரு பாட்டில் சாராயத்துக்கு யூதர்களைப் பிடித்துக்கொடுக்கிறவன் என்று ஊரே சொல்லும் ஆள்.

"என்னடி இது? யூதச்சிங்கதான் இப்படி உத்து உத்துப் பாப்பாளுங்க."

 பேஸ்யாவின் வாய் முந்திக்கொண்டது.

"போன வாரம் ஒரு கூமுட்டை மொத்தச் சட்டியையும் நாறடிச்சுது. உங்க அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நீங்களா, நானா?"

அவன் எழுந்து வந்து கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தான். மஞ்சள் கருவில் சிவப்பாக ஒரு பொட்டு.

"இப்ப இதை என்ன பண்ணப் போற?"

"பொரிக்கத்தான் போறேன். சண்டைக்காலத்துல முட்டையை வீசியெறிய நான் என்ன மகாராணியா?"

பன்றிக்கொழுப்பு உருகிய சட்டியில் ஊற்றினாள். நடுக்கம் தெரியாமலிருக்கச் சட்டியை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

"உன் பொண்ணுக்குக் குடு, பாக்கலாம்" என்று ஸ்டூலில் இருந்த குழந்தையைக் காட்டினான்.

பேஸ்யாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லாம் சொல்லித்தந்தவள் முட்டையைப் பற்றிச் சொல்லித்தரவில்லையே, பாவி! அந்தப் பொட்டைக் கண்டால் வீட்டில் முதலில் "சீ!" என்று கத்துவதே கீத்தல்தான்.

தட்டை வைத்தாள். குழந்தை பொட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் எடுத்து மென்றது.

"ஏம் பாப்பா, முன்னாடி இப்படிச் சாப்பிட்டிருக்கியா?" ஃபெலெக்கின் குரலில் தேன் ஒழுகியது.

"ஓ! இன்னொண்ணு இருக்காம்மா?"

அவன் சிரித்துவிட்டான். "ஆத்தாளுக்கு ஏத்த பொண்ணு" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பேஸ்யா கதவைத் தாழிட்டு வந்து மகளை வாரித் தூக்கினாள். குழந்தையின் பாவாடை தொப்பலாக நனைந்திருந்தது. ஸ்டூலிலிருந்து மூத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது. பயமெல்லாம் தன்னோடு மட்டும்தான் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"கோச்சுக்காதம்மா" என்றாள் கீத்தல். "அந்தாளு பாக்கல. நான் காலைச் சேத்து வெச்சுக்கிட்டேன்."