பேக்கு, பேடா

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, பத்துக்குப் பத்தில் ஒரு ரூம். போன வருஷம் வரைக்கும் அந்த ரூமில் யாரும் படுத்ததில்லை. என் மகன் அதற்கு குடோன் என்று பெயர் வைத்திருந்தான். எதையும் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போய்த் திரும்பி வர என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் எதையும் தூக்கி எறியாதவள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் மெஷின் மிதித்தவள், துண்டுத் துணியைக்கூட வீணாக்க மனசு வராது. ஐஸ்கிரீம் டப்பாக்கள், கழுவிக் காயவைத்த பால் கவர்கள், பிடி போன குக்கர், ஓடாத மிக்ஸி இரண்டு, கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் கிண்ணங்கள், மகன் மூன்றாம் வகுப்பில் போட்ட ஸ்வெட்டர். தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது குவார்ட்டர்ஸிலிருந்து லாரியில் ஏற்றி வந்த மூட்டைகளில் இரண்டு இன்னும் கட்டு அவிழ்க்காமலே கிடந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டால், "வேணும்ன்றப்போ தெரியும்" என்பேன். சுரங்கத்தில் வேலை பார்த்த மனுஷன், இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். இருட்டில் கை விட்டுத் துழாவிப் பழகியவர்தான், ஆனால் என் குடோனுக்குள் மட்டும் கை விட மாட்டார்.

மருமகள் கன்னடப் பெண், துமகூர்ப் பக்கம். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளோ வேலை விட்டு வந்ததும் நேராகச் சமையல்கட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே அன்று நடந்ததையெல்லாம் சொல்லுவாள். அப்படிப்பட்டவளிடம் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியும்? மகனும் அவளும் ஹாலில் ஒரு திரையைக் கட்டி அதன் பின்னால் படுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியதும் மகன் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"ஹொசகோட்டை ரோட்ல ஒரு வூடு பாத்துருக்கோம்மா. ரெண்டு ரூமு. கொழந்த பொறந்தா இந்தத் திரைக்குப் பின்னாடி எங்க தொட்டில் கட்றது? மாசக் கடைசிக்குள்ள ஓனருக்குப் பதில் சொல்லணும்."

"போறதுன்னா போங்க. நானா புடிச்சு வெச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அவர்கள் போய்விடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. பேரப்பிள்ளையை இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மருமகளிடம் நானே போய்ச் சொன்னேன், குடோனைக் காலி பண்ணிவிடலாம், நீங்கள் அங்கே படுத்துக்கொள்ளுங்கள் என்று. அவளுக்கு வாயெல்லாம் பல்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு போட்டு என்னோடு உட்கார்ந்தாள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அவள் போனில் பார்த்துத் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டவள். எழுத்துதான் தமிழ், வார்த்தை அவளுடைய ஊர் வார்த்தை. எனக்கு அனுப்புகிற மெசேஜும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்கும் இரண்டு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினாள். வேண்டும் என்பதற்கு 'பேக்கு', வேண்டாம் என்பதற்கு 'பேடா'. ஒன்றை ஒரு சாக்கிலும் இன்னொன்றை ஒரு அட்டைப்பெட்டியிலும் ஒட்டினாள்.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். "அத்தே, இது பேக்கா பேடாவா?" என்பாள். ஐஸ்கிரீம் டப்பா? பேக்கு. பால் கவர்? பேக்கு, மழைக்காலத்தில் வேண்டியிருக்கும். பிடி போன குக்கர்? பிடி போட்டால் ஓடுமே, பேக்கு. ஸ்வெட்டரைக் கேட்கவே வேண்டாம். தங்கவயல் மூட்டை இரண்டும் கட்டு அவிழ்க்காமலே சாக்குக்குள் போயின. ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் பேக்கு ஐந்து சாக்காகியிருந்தது. ஐந்துக்கும் அதே வார்த்தையை எழுதி ஒட்டியிருந்தாள். பேடா அந்த ஒரு அட்டைப்பெட்டி மட்டும்தான், அதிலும் பாதி. கண்ணாடி டம்ளர் ஆறு, மரப்பொம்மை இரண்டு, கிளி பின்னிய சுவர்த் துணி, பிளாஸ்டிக் பூச்சாடி, ஒரு களிக்கோல். களி கிண்டுகிற என் கோல் இரண்டு ஏற்கெனவே பேக்கு சாக்கில் இருந்தன, மூன்றாவது எதற்கு? "பாத்தியா, நானும்தான் வேணாம்னு சொல்றேன்" என்று பெருமை வேறு பேசினேன். அவள் "சரி அத்தே" என்றாள், அவ்வளவுதான்.

ஐந்து சாக்கையும் ஒரு மூலையில் நிறுத்திப் பார்த்தோம். மீதி இடத்தில் கட்டில் பிடிக்கவில்லை. மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை தங்கவயலில் என் பெரியப்பா மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். விடிகிற நேரத்து ரயிலுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு அன்று வாராந்திர லீவு. பழைய சாமான் எடுக்கிற குஜரிக் கடைக்காரர் பத்து மணிக்கு வருவார் என்று மருமகள் சொல்லி வைத்திருந்தாள். "எல்லாம் எழுதி ஒட்டி வெச்சிருக்கு, பாத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சனியும் ஞாயிறும் டியூட்டியில் இருந்த மனுஷனுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து ரூமை எட்டிப் பார்த்தேன். சுவர் நான்கும் தெரிந்தன. அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"மூட்டைங்க எங்க?"

"குடுத்துட்டேன். அதான் பேக்குன்னு எழுதியிருந்துச்சே. பேக் பண்ணி ரெடியா வெச்சிருக்கீங்கன்னு தூக்கி விட்டதே நான்தான்" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆயுசு முழுக்கக் கன்னட தேசத்தில் கிடக்கிறார், தினம் நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. தமிழில் எழுதினதும் அடையாளம் தெரியவில்லை. "நீங்கதான் பேக்கு" என்று கத்தினேன். அப்போதுதான் வேலை விட்டு உள்ளே நுழைந்த மருமகளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. தான் எழுதின எழுத்தால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டாள் பாவம். "பன்னி அத்தே, போய்ப் பாக்கலாம்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவள் ஊரில் 'பன்னி' என்றால் வாங்க என்று அர்த்தம்.

கடைக்காரர் சாக்கையெல்லாம் அவிழ்த்துக் கொட்டிவிட்டிருந்தார். பிளாஸ்டிக் ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல், எவர்சில்வர் ஒன்று, துணி ஒன்று. பத்து வீட்டுச் சாமானும் கலந்து கிடந்தன. நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை.

"உங்கள்து எதுன்னு சொல்லும்மா, எடுத்துத் தர்றேன். எது யார்துன்னு எனக்கு மாலும் இல்ல."

நான் குவியல்களைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் டப்பாக்கள் நிறையக் கிடந்தன, என்னுடையது எது? பிடி போன குக்கரே மூன்று இருந்தது. லாரியில் வந்த அந்த இரண்டு மூட்டையில் என்ன இருந்தது என்று சொன்னால்தானே எடுத்துத் தருவார்? எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டேன், கைப்பிடியில் நான் சிவப்புத் துணி சுற்றி வைத்திருந்த என் கத்தரிக்கோலை. இரும்புக் குவியலில் துழாவி எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன என்றார். "போதும்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால், சமையல்கட்டில் ஸ்டூலின் மேல் அந்த அட்டைப்பெட்டி. ஸ்டூலின் நாலு காலுக்கும் கீழே நாலு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர்.

"இது இன்னா வேல?" என்றேன்.

"எறும்பு ஏறாம இருக்கத்தான். பேடான்னு போட்டிருந்துச்சு. மருமக அம்மா வூட்லருந்து வந்த பால்பேடாப் பெட்டின்னு பத்திரமா எடுத்து வெச்சேன்" என்றார் வீட்டுக்காரர்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் பெட்டியைத் திறந்தேன். டம்ளர், பொம்மை, கிளித் துணி, பூச்சாடி, களிக்கோல். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் பேடாதான் தப்பு. அம்மா வீட்டிலிருந்து வந்தது என்பது சரி. அத்தனையும் அவள் கல்யாணமாகி வந்தபோது கூடக் கொண்டுவந்தவை. இரண்டு நாள் உட்கார்ந்து, உடைந்ததையும் கிழிந்ததையும் வேண்டும் வேண்டும் என்று எடுத்து வைத்த நான், அந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னது அவள் பொருட்களை மட்டும்தான். அதையும் அவள் கையாலேயே பெட்டியில் போட வைத்திருக்கிறேன்.

"எனக்குத் தோணவே இல்லம்மா. தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் கிளித் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பின்னியது அது.

பெட்டியைத் தரையில் இறக்கி வைத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்துக் காட்டினேன்.

"பேக்கா, பேடாவா?"

அவள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பேக்கு" என்றாள். பொம்மை? "பேக்கு, பாப்பாவுக்கு." கிளித் துணி பேக்கு. களிக்கோல் பேக்கு. பூச்சாடியை எடுத்தேன்.

"அய்யோ, அது பேடா அத்தே. எங்க சிக்கம்மா, அதான் சித்தி, குடுத்தது. எனக்கே புடிக்கல."

அதற்குள் மகன் வந்துவிட்டான். காலி ரூமில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து ஜன்னல் ஓரத்தை அளக்க ஆரம்பித்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் உலை வைத்துக் கேழ்வரகு மாவைப் போட்டேன். என் கோல் இரண்டும் குஜரிக் கடைக்குப் போய்விட்டதால் அவளுடையதால்தான் கிண்டினேன். என்னுடையதைவிட நீளம், கை சுடவில்லை.

ஹாலில் அவள் யாருக்கோ போன் போடுவது கேட்டது. ஹொசகோட்டை ரோட்டு வீட்டு ஓனருக்குத்தான்.

"மனெ பேடா சார்" என்றாள். "நாவு இல்லே இர்தீவி."

வீடு வேண்டாம், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று அர்த்தம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. களி கட்டி தட்டிவிடப் போகிறதே என்று, துடைக்காமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.