ஏரித் தண்ணீரில் முக்கியெடுத்த இறகுப் பை

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதக் கடைசியில், பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கணவர் ஏரியிலும் கடலிலும் மீன் பிடிப்பவர். நான் மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் சிலர் உத்தரகாண்டில் பனிமலை ஏறப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். நானும் பேர் கொடுத்துவிட்டேன். மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த குளிர்.

வீட்டில் சொன்னேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "அங்க படுக்கறதுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். கூடாரம் கொடுப்பார்கள், மற்றதை எல்லாம் நாமே வாங்கி நாமே முதுகில் சுமக்க வேண்டும், அதனால் எதுவும் கனமாக இருக்கக் கூடாது என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். மலையேறுகிறவர்களுக்கென்றே உள்ள கடை. நான் போனதும் இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டரைத்தான் எடுத்தேன். கடையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்துவிட்டு, "ஒரு தடிமனவிட மூணு மெல்லிசு மேலுக்கா" என்றாள். உடம்போடு ஒட்டினாற்போல் ஒன்று, அதன் மேல் சூட்டைப் பிடித்துவைக்க ஒன்று, காற்றும் மழையும் புகாமல் வெளியே ஒன்று. ஏறும்போது வேர்த்தால் கழற்றிக்கொள்ளலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். பருத்தி மட்டும் கூடவே கூடாதாம். வேர்வையில் நனைந்தால் காயாமல் கிடந்து உடம்பையே குளிர வைத்துவிடுமாம். வெயிலுக்குப் பருத்தியை விட்டால் வேறு கதி தெரியாத எனக்கு அது புதுச் செய்தி.

உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும் ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வகை காட்டினாள். செயற்கைப் பஞ்சு அடைத்தது கனம், ஆனால் ஈரமானாலும் கொஞ்சம் சூடு தரும். இன்னொன்று வாத்தின் மெல்லிய அடியிறகு அடைத்தது. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. ஆனால் நனையவே கூடாது என்றாள். அவள் அதைச் சொல்லும்போது இவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் யோசித்து யோசித்து, முதுகை நினைத்து, இறகுப் பையையே வாங்கினேன். அவர் உள்ளே வந்து தூக்கிப் பார்த்தார்.

"உள்ள இன்னா கீது? ஒண்ணுமே இல்லியா?"

வாத்து இறகு என்றேன். பறவை இறகா என்று தலையாட்டினார். அன்றைக்கு முதல் முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் மீன் நிறுக்கும் தராசில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். பை ஒரு நடுத்தரக் கொடுவா மீன் அளவுகூட இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், கொடியில் அந்தப் பை தொங்குகிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட! முந்தின நாள் புஸ்ஸென்று உப்பியிருந்த பை, நனைந்த கோழி மாதிரி ஒட்டிப்போய், உள்ளே இறகெல்லாம் கட்டி கட்டியாக அடியில் இறங்கியிருந்தது. ஏரியில் முக்கி எடுத்தேன் என்றார். கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த என் நாத்தனார் வேறு, "அண்ணன் உன்ன உடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மனதில் இருந்ததும் அதேதான். "போவக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாம் இல்ல?" என்று கத்திவிட்டேன்.

அவர் பையின் ஓரத்தைப் பிடித்து ஒரு கட்டியை அழுத்திப் பார்த்தார். புது வலையோ புதுக் கயிறோ, எது வந்தாலும் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் கடலுக்கு எடுத்துப்போவதில்லை. அந்தப் பழக்கம்.

"பனி பேயற எடத்துல இருக்கறது ஒரே பை. நனஞ்சா இன்னா பண்ணுவன்னு பாத்தேன். குளுரு காலம் பூரா நம்ம ஏரில வாத்து மெதக்குதே, ஒண்ணாவது நனஞ்சி கீதா? தாங்கும்னுதான் முக்குனேன்" என்றார். பிறகு, "நான் கடலுக்குப் போவும்போது ஒரு நாளாவது வேணாம்னு சொல்லி கீறியா நீ? நான் மட்டும் சொல்லுவனா?" என்றார்.

நனையக் கூடாது என்று கடைப்பெண் சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. நானும் பிறந்ததிலிருந்து அந்த வாத்துகளைப் பார்க்கிறவள்தான். மேலிறகு தண்ணீரைத் தள்ளுவதால்தான் அடியிறகு காய்ந்து கிடக்கிறது என்று எனக்கும் யோசிக்கத் தோன்றியதில்லை.

கடைப்பெண்ணுக்குப் போன் போட்டேன். உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், காயக் காயக் கட்டியை உதிர்த்துக்கொண்டே இருங்கள் என்றாள். அந்த வாரம் அவர் தொழிலுக்கே போகவில்லை. வலைச் சிக்கல் எடுக்கிற இடத்தில் பையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டியாக விரலால் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாப்பா, வாத்துக்கு வைத்தியமா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். காய்ந்த பை மறுபடி உப்பியது. கால் பக்கம் மட்டும் கொஞ்சம் மெலிந்தே போனது.

மலையில் இரண்டாம் நாள் ஏறும்போது மழையும் பனியுமாகக் கொட்டியது. எல்லோர் முதுகுப் பையும் ஊறிவிட்டது. நனைந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான் அல்லவா? இறகுப் பையை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை மடித்துக் கட்டித்தான் கொண்டுபோயிருந்தேன். கூடாரத்தில் என்னோடு இருந்த தோழியின் இறகுப் பை நனைந்து கட்டிதட்டிப் போயிருந்தது. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள், பேசவே வரவில்லை. என் பையின் ஜிப்பை முழுவதும் திறந்து போர்வையாக விரித்து இரண்டு பேரும் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நடுக்கம் நின்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இறங்கி வந்து சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "பை நனஞ்சிச்சா?" என்றார். இல்லை என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன்.

ஊருக்கு வந்த பிறகு நாத்தனார்தான் சொன்னாள், நான் போன நாள் முதல் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றாராம். "அண்ணன் படகு வர லேட்டானா நீ நிப்பியே அண்ணி, அதே மாதிரி" என்றாள்.

பயத்தை உள்ளே வைத்துக்கொண்டே ஒருவரைப் போக விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டதால், அதன் பிறகு நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் கோபப்படுவதென்றாலும் கொஞ்சம் நிதானமாகத்தான் படுகிறோம்.