மருந்தென்று கொடுத்த நார்த்தங்காய்

என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். நாகரசம்பட்டிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. காய் இறக்குகிற நாளில் மரத்தடியில் நின்றவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது, பிடரியில் உலக்கை போட்டு இடிக்கிறது என்றார். பித்தம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கிருஷ்ணகிரி டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அடித்துப் பார்த்தார். இந்த வயசில் இவ்வளவு ரத்தக்கொதிப்பு ஆகாது, பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

பெங்களூரில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் நீள ஊசி குத்தி, ஏதோ மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். அவர் கத்தியது வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்டது. அங்கே இருந்த டாக்டர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"நோடம்மா, இங்க பாரு, கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் பக்கத்துக்கு ஒண்ணு இருக்கும். இவருக்கு எடது பக்கம் ரெண்டு. பொறவியிலயே அப்படி. அது நோவு இல்ல, எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனா இவருக்கு அதுல ஒண்ணு சுருங்கிப்போச்சு."

கிட்னி என்றால் குண்டிக்காய் என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

"வாய்க்கா ரெண்டு இருந்தா வயலு நல்லாத்தானே வெளையணும் சாமி?"

"ஒரு வாய்க்கா தூந்துபோனா அந்த மூலை காயும்ல? தண்ணி பத்தலன்னு அது கூப்பாடு போடுது. அதக் கேட்டு ஒடம்பு பூரா கொதிப்பு ஏறுது."

ஒரு மாசம் மாத்திரை, உப்பில்லாத சோறு. இறங்கவில்லை என்றால் அந்தக் குண்டிக்காயையே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார். முதுகைப் பிளந்த பிறகு மனுஷன் எழுந்து நடப்பானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உப்புச்சட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். களியில் உப்பில்லை, கீரையில் உப்பில்லை. பார்க்க வந்த நாத்தனார் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன் அண்ணி, உன் கைப்பக்குவத்த ஊரே பேசுமே! இப்ப என் அண்ணனுக்கு மாட்டுக் கழனித்தண்ணியக் கரைச்சு ஊத்தறியா?" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் நான் மாறவில்லை.

தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. என்னிடம் மூன்று வருஷத்து உப்பு நார்த்தங்காய் ஜாடியில் இருந்தது, கறுத்துக் கனிந்து. பித்தம் என்றால் ஊரார் என் வீட்டு ஜாடிக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை. காலையில் ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு அவருக்குக் கொடுத்தேன். சோற்றில்தானே உப்பு கூடாது? இது மருந்தாயிற்றே என்று நினைத்தேன். அவரும் மறுக்காமல் வாங்கிச் சப்பினார்.

மாசம் முடிந்து மறுபடியும் பெங்களூர் போனோம். கொதிப்பு இறங்கவேயில்லை.

"உப்ப நிறுத்தினியாம்மா?"

"ஒரு கல்லு போட்டதில்ல சாமி. சத்தியம்."

"அப்படின்னா கத்திதான். நாளைக்குக் காலையில."

கையெழுத்து வாங்கக் காகிதம் கொண்டுவர நர்ஸம்மா போனாள். அதற்குள் கட்டிலில் இருந்தவர், சுற்றுகிறது புள்ள என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து நார்த்தங்காயை எடுத்தேன். முடிச்சுத் துணி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. விரலிலும் ஒட்டியது. பழக்கத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

ஒரு மாசமாக நான் ஊட்டியதற்கா நாளைக்கு இவர் முதுகைப் பிளக்கப் போகிறார்கள்?

"குடு புள்ள" என்று கை நீட்டினார்.

"வேணாம்."

நர்ஸம்மா காகிதத்தோடு மைப்பெட்டியையும் கொண்டுவந்தாள். ரேகை வேண்டாம், எனக்குப் பேர் எழுத வரும் என்றேன். இரண்டு எழுத்து எழுதினேன். மூன்றாவது வரவில்லை. சொன்னால் ஊரில் என் தலை இறங்கும். நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். சொல்லாவிட்டால் கத்தி. பேனாவை வைத்துவிட்டு டாக்டரைத் தேடிப் போய் மேஜைமேல் நார்த்தங்காயை வைத்தேன்.

"இத நான் குடுத்துட்டன் சாமி. தெனம் ரெண்டு வேள."

அவர் மோந்து பார்த்தார். "ஏனம்மா, இது மருந்தா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. என்னோடு கட்டில்வரை வந்தார். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர், "அவள மட்டும் ஏசாதீங்க சாமி. அவ தோப்புக்குப் போனப்ப நானும் ஜாடியில கை வுட்டன்" என்றார்.

கத்தியைப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டார்கள். சோறு ஆஸ்பத்திரிச் சோறுதான். நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. தினம் காலையில் காற்றடிக்கும்போது பாதரசக் கோடு ஏறுவதை நான் பார்க்க மாட்டேன். டாக்டர் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசி நாள் காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"எறங்கியிருக்கு. பூரா இல்ல. கத்தி வேண்டாம், இப்போதைக்கு."

ஊருக்குத் திரும்பும் பஸ் ஓசூர் தாண்டியதும் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். தூக்கமா மயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கிருஷ்ணகிரி வருகிறவரைக்கும் அவரைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே வந்தேன்.