மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய கை

அனுசுயா யாரையும் லேசில் நம்பமாட்டார். திருச்சியில் நன்னடத்தை அலுவலர். ஜெயிலுக்கு அனுப்பாமல் கோர்ட் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள் மாதாமாதம் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அடிதடி வழக்கில் சிக்கிய நவநீதன், அரியமங்கலம் லேத் பட்டறையில் வேலை என்றான். ஆனால் வரும்போதெல்லாம் அவன் நகக்கண்ணில்கூட அழுக்கில்லை. லேத் ஓட்டுகிறவன் கையா இது? புளுகுகிறான்!

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கே போனார். வழக்கு விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், போகிற இடத்திலெல்லாம் "நான் அவன் அத்தை" என்பதுதான் அவர் வழக்கம். அன்றும் அப்படியே சொன்னார். உள்ளே நவநீதன் முழங்கைவரை கறுப்பு ஆயிலோடு நின்றிருந்தான்.

"நல்ல பையங்க. மாசம் ஒருநாள் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ச்சிக்கிட்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போவான்" என்ற முதலாளியின் பார்வை அனுசுயாவின் கழுத்தில் நின்றது. அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தார்.

"நீங்க அத்தைங்களா?"

அடுத்த மாதம் நவநீதன் வந்தான். பழக்கதோஷத்தில் அவர் கண் அவன் கைக்குப் போனது. பளிச்சென்று இருந்தது.

"இப்பல்லாம் கைக்கு மண்ணெண்ணெய் தேவைப்படலைங்க மேடம்" என்றான்.