ஜெஸீமா ராத்தாவின் பக்கத்துக் கதிரை

கம்ப்யூட்டர் படிப்பிக்கிற தொழிலில், முன்னால் இருக்கிறவர் நம்மை விட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையைப் பார்க்கத் தொடங்கினால் நம் கதை முடிந்தது. வகுப்பெடுத்து நொந்தவர்களுக்கு இது விளங்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில், ஓய்வுபெற்ற பெண்களுக்குப் பின்னேர வகுப்பு நடத்தினேன். நாலு கம்ப்யூட்டர், பதினொரு பேர். கொழும்பில் படித்து வந்தவள் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

மௌஸ்

முதல் நாள் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். படிக்க வந்திருந்த, ஓய்வுபெற்ற ஹாஜரா டீச்சரின் கையில் மௌஸ் நிற்கவே இல்லை. திரையில் அம்பு ஓடி ஓடி மறைந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த ஜெஸீமா ராத்தா (எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம்), முப்பது வருஷம் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாது, எழும்பி வந்து டீச்சரின் கைக்கு மேல் தன் கையை வைத்தார். “இறுக்கிப் புடிக்காதீங்க. கைய மேசையில ஆறப்போடுங்க.” அம்பு நின்றது.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நீங்க சொன்னதெல்லாம் சரிதான் மிஸ். ஆனா எனக்கு இப்பதான் விளங்கினிச்சி.”

நான் செய்த வேலை

அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் “ராத்தா, இஞ்ச வாங்க” தான். என்னைக் கூப்பிட ஆளில்லை. வயிறு எரிந்தது. ஒரு நாள் வகுப்புக்கு முன்னமே போய், ராத்தா வழக்கமாக இருக்கும் கம்ப்யூட்டரில், திரையின் மேலே இருக்கும் பொத்தான் வரிசையை மறைத்து வைத்தேன். எல்லாருக்கும் முன்னால் அவர் முழிப்பதைப் பார்க்க ஆசை.

ராத்தா முழிக்கவில்லை. “எனக்குத் தெரியல்ல. வாங்க, எல்லாருமாத் தேடுவம்” என்றார். கதிரைகள் இழுபட்டன. ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து பார்த்தார்கள். பொத்தான் வரிசை கிடைத்தது. போதாக்குறைக்கு, நான் அடுத்த கிழமை படிப்பிக்க வைத்திருந்த பாடத்தில் பாதியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று நகம் கடித்தேன். ராத்தா சந்தோஷமாகக் கூப்பிட்டார்: “பாருங்க மிஸ், தெரியாமப் போனதும் நல்லதாப் போச்சி!”

வராமல் நின்றவர்

மருதமுனை மரியம் பீவி, தோஹாவில் இருக்கும் மகளுக்குத் தன் கையாலேயே கடிதம் அடிக்க வேண்டும் என்று வந்தவர். இரண்டு பக்கம் அடித்த கடிதம் சேமிக்காமல் அழிந்துபோனது. “எத்தனை தரம் சொல்றது?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், நினைத்ததோடு சரி.

இரண்டு கிழமைக்குப் பிறகு ராத்தா பஸ் ஏறிப்போய் அவரைக் கூட்டி வந்தார். அந்தப் பின்னேரமே கடிதம் அச்சாகி வெளியே வந்தது. மரியம் பீவி தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அப்போதும் எனக்கு, அந்தக் கண்ணீர் ராத்தாவுக்குப் போய்ச் சேர்கிறதே என்றுதான் இருந்தது. என்ன சொல்லிக் கூட்டி வந்தார் என்று கேட்டேன்.

“பெரிசா ஒண்டுமில்ல மிஸ். ‘நீங்க ஒரு கடிதத்தத்தான் துலைச்சீங்க, நான் மூணு துலைச்சிட்டன், எழும்புங்க’ எண்டு சொன்னன்.”

பதிவேட்டில் என் பெயருக்கு நேரே போதனாசிரியர் என்றும் ராத்தாவின் பெயருக்கு நேரே மாணவி என்றும் கடைசிவரை எழுதிவந்தேன். அந்த அறையில் அதை நம்பியது நான் ஒருத்தி மட்டும்தான்.