இறவாரப் பலகைக்கு எண்ணெய் தேய்த்தவள்

எனக்குக் கோர்வையா எழுத வராது. நாலாங்கிளாஸோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. ஞாபகமும் நைந்த சேலை மாதிரி, இழுத்த இடத்தில் கிழியுது. பொறுத்துக்கிட்டு வாசிங்க.

போன வாரம் இலஞ்சியில் எங்க வீட்டு மேற்குப் பக்கத்து இறவாரப் பலகையைக் கழற்றினாங்க. ஓட்டுக்குக் கீழே, கைமரங்களோட நுனி நனையாம மூடி அடிச்சிருக்கிற நீளப் பலகை அது. மலையைப் பார்த்த பக்கம், சாரல் நேரா வந்து அதில்தான் அறையும். மக்கிப்போச்சு. மகன் பிளாஸ்டிக் பலகை வாங்கிட்டு வந்துட்டான். கழற்றினதை முற்றத்தில் போட்டதும் ஒரு வாடை வந்தது பாருங்க, ஈரமும் பழைய எண்ணெயுமா. எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து நிக்கிற மாதிரியே இருந்தது.

அவுகளுக்கு ஐந்தருவியில் எண்ணெய் தேய்ச்சுவிடுற வேலை. அவுக கையைத் தேடி வருஷா வருஷம் வர்றவங்க உண்டு. பாட்டிலடியில் மிஞ்சின எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவருவாக. நான் தலைக்கு வச்சதுபோக மீதியைப் பலகைக்குத் தேய்ப்பேன். அருவியில் குளிக்கிற ஆளுக்கு நல்லதுன்னா, நாளெல்லாம் சாரலில் நிக்கிற பலகைக்கு நல்லதில்லையா? தூறல் விட்ட நேரமாப் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறுவேன். பளபளன்னு இருக்கும். எனக்குள்ள ஒரே பெருமை. வாயைத் திறந்து பேசவே கூசுறவ, இதையா வெளியே சொல்வேன்?

ஒரு ஆனி மாசம் ரெண்டு ஓடு நழுவி விழுந்தது. ஆசாரி அண்ணாச்சி வந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. பலகையில் உளியை வச்சு லேசா அழுத்தினார், பிடிவரைக்கும் உள்ளே போச்சு. மேலே மினுமினுப்பு, உள்ளே ஊறவச்ச அவல்.

"யாருவே இதுக்கு எண்ணெ தேச்சது? ஈரத்த உள்ள வச்சுல்லா மூடியாச்சு!"

நான் கதவுக்குப் பின்னால் நின்னேன். சேலை முந்தியெல்லாம் எண்ணெய்க் கறை. அவுக என்னைத் திரும்பிப் பார்த்தாக.

"நாந்தான்"னாக.

"என்னவே, அருவில நனைஞ்சிட்டு வந்தவனுக்கா எண்ணெ தேய்ப்பீரு? தொழில் தெரிஞ்ச ஆளு செய்யுத வேலையா இது?"

மறுநாளே ஐந்தருவி முழுக்கப் பரவிட்டு. புதுப் பலகையை உடனே அடிக்கவும் முடியலை. ஈரத்தோட அடிச்சா இதுவும் போயிரும்னு, ஆசாரி அதை அடுப்படியில் சாத்திக் காயவச்சுட்டுப் போயிட்டார். ஆவணி வெயில் வரைக்கும் இறவாரத்தில் சாக்குதான் தொங்கினது. கூட வேலை பாக்கிறவங்க அவுகளுக்குப் "பலகை"ன்னே பேர் வச்சுட்டாங்க. "பலகைகிட்ட போவாதிய சார், உள்ளுக்குள்ள உளுத்துருவிய!"ன்னு வர்ற ஆளுகிட்டயே கேலி. பழைய ஆளுங்க ரெண்டு மூணு பேர் அந்தச் சீசனில் வேற கைக்குப் போயிட்டாங்க. கைதானே அவுக சொத்து.

ஒருநாள் சோறு போடும்போது, "நாந்தான் தேச்சேன்னு நானே சொல்லிருதேன்"னு முனகினேன்.

"சும்மா கெட ஏட்டி. நாலு பேரு முன்ன நீ வாயத் தொறக்குததுக்குள்ள அடுத்த சாரல் வந்துரும்"னு சிரிச்சாக. "ரசத்த ஊத்து."

ஊத்தினேன். ஆவணியில், நல்லாக் காஞ்ச பலகையை வெயிலில் கிடத்தி, ஆளுக்குத் தேய்க்கிற மாதிரியே அவுகளே எண்ணெய் தேய்ச்சாக. போன வாரம் கழற்றினது அந்தப் பலகைதான்.

பேர் மட்டும் நிலைச்சுப்போச்சு. அவுக இறந்த அன்னைக்குத் துக்கத்துக்கு வந்தவங்ககூட, "பலகை அண்ணாச்சி வீடு இதானா?"ன்னுதான் வாசலில் கேட்டாங்க. அப்பவும் நான் வாயைத் திறக்கலை.

பிளாஸ்டிக் அடிக்க வந்தவர், "இது மக்கவே செய்யாது ஆச்சி, எண்ணெ கிண்ணெ ஒண்ணும் வேண்டாம்"னார். நான் துணிஞ்சு, "அன்னைக்கு எண்ணெ தேச்சது நாந்தான் தம்பி"ன்னேன். "சரி ஆச்சி"ன்னு டிரில்லை ஓட்டினார்.

ஆசாரி இல்லை. கேலி பண்ணினவங்களும் இல்லை. பலகைன்னு கூப்பிடக்கூட இப்போ ஆளில்லை. அந்த வாடையும் குப்பை வண்டியில் போயிட்டு.

ஐந்தருவிப் பக்கத்து ஆளுங்க யாராவது இதை வாசிச்சா கொஞ்சம் சரிபாருங்க. பலகை அயினி மரமா பலா மரமா, ஓடு விழுந்தது ஆனியா ஆடியா, எனக்கு நிச்சயமில்லை. தேய்ச்சது யாருன்னு மட்டும் சரிபார்க்க வேண்டாம்.